லொறியின் நிழலில் ஒரு பிரயாணம்

கிழக்கிலங்கையின் கரையோரத்தைக் காணப் புறப்படும் அன்பர்களுக்குப் புகையிரதம் மட்டக்களப்புடன் விடை கொடுத்துவிடுகிறது. அதற்குத் தெற்கே இருப்புப்பாதை இல்லை. கல்முனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், பொத்துவில் என்று கடலோரமாக நீளும் ஊர்களையெல்லாம் ஒரே நூலிற் கோத்த மணிகளைப்போல் இணைத்து நிற்பது ஏ-4 என்னும் நெடுஞ்சாலையே. கொழும்பிலே தொடங்கி, இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ என்னும் இடங்களைக் கடந்து, லாகுகலைக் காட்டினூடாகப் பொத்துவிலை அடைந்து, அங்கிருந்து கடலை வலப்புறத்தே வைத்து வடக்கு நோக்கித் திரும்பி மட்டக்களப்பிற் போய் முடியும் இச்சாலையின் நீளம் சுமார் 430 கிலோமீற்றராகும்.

இருப்புப்பாதை இல்லாத நாட்டிலே லொறியே அரசன். அம்பாறை மாவட்டத்து நெல் வெளியூர் செல்வது லொறியில். கல்முனைக் கரையின் மீன் பனிக்கட்டிக்குள் அடங்கித் தலைநகர் செல்வது லொறியில். மருதமுனையில் நெய்யப்படும் சேலையும் சாரமும் சந்தை காண்பது லொறியில். சீமெந்தும் மாவும் மருந்தும் பெற்றோலும் உள்ளே வருவதும் அவ்வாறே. ஆதலால் இந்த வீதியிலே காரோ வானோ மோட்டார் சைக்கிளோ செலுத்தும் எவரும் தம் பிரயாணத்தின் ஒரு பகுதியை லொறியொன்றின் முதுகைப் பார்த்தபடியே கழிக்க வேண்டியவராகின்றார்.

அந்த முதுகைப் பற்றி ஓர் எண்ணம் வாகனம் வைத்திருப்போரிடையே உலவி வருகின்றது. பெரிய லொறிக்குப் பின்னால் ஒட்டினாற்போலச் சென்றால், அது காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். நமது வாகனம் சிரமமின்றிப் பின்தொடரும். பெற்றோல் மிச்சமாகும் என்பதே அது. இவ்வெண்ணம் உண்மையா? உண்மையெனின் நமது கரையோரத்துக்குப் பொருந்துமா? தம்பிலுவிலிலிருந்து கல்முனை வரை நாம் மேற்கொண்ட சிறு பிரயாணத்தை முன்னிட்டு இதனை ஆராய்வோம்.

பெற்றோலின் அருமை

சிக்கனத்தை நாடுவோரை நாம் ஏளனம் செய்யலாகாது. 2022ஆம் ஆண்டை மறந்தவர் இலங்கையில் யாருமிலர். அவ்வாண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல், யூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. அவ்விலை கொடுக்க ஆயத்தமாயிருந்தவர்க்கும் கிடைக்கவில்லை. அத்தியாவசிய சேவை வாகனங்களுக்கு அன்றி ஏனையோருக்கு விநியோகமில்லை என்று சில நாட்கள் கதவடைக்கப்பட்டது. பின்னர் யூலையில் அறிமுகமான கியூ.ஆர். அட்டை முறையிலே, தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கும் வானுக்கும் 20 லீற்றர் என்று பங்கிடப்பட்டது. அம்முறை 2023 செப்டெம்பர் முதலாம் திகதியே நிறுத்தப்பட்டது. இரவெல்லாம் வரிசையிற் கிடந்து நான்கு லீற்றர் பெற்று வீடு திரும்பிய ஒருவன், ஒரு துளியை மிச்சப்படுத்த வழியுண்டென்றால் அதனை நாடுவது இயல்பே அன்றோ? வான் ஓட்டிப் பிழைப்பவனுக்கு மிச்சப்படும் பெற்றோல் பிள்ளையின் கொப்பிக்கும் வீட்டின் அரிசிக்கும் உரிய காசு.

தம்பிலுவிலிலே

தம்பிலுவில் பழம்பெருமை வாய்ந்த தமிழ்க் கிராமம். கிழக்கே கடல், மேற்கே களப்பும், அதற்கப்பால் வயல்வெளியும். கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிச் சடங்கு ஊரையெல்லாம் ஒன்று கூட்டும். தெற்கே அண்மையில் திருக்கோவிலிலே சித்திர வேலாயுத சுவாமி கடலைப் பார்த்துக் கோயில் கொண்டிருக்கின்றார். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அங்கே அடியார் திரள்வர். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகர் கூட்டமும் இவ்வழியேதான் போகும். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரை முழுவதையும் வாரிச் சென்றது. இலங்கையின் மாவட்டங்களுள் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறையே. அந்த அழிவிலிருந்து எழுந்த ஊர்களை மீண்டும் உலகத்தோடு பிணைத்ததும் இந்த வீதியே.

காலை வேளையில் தம்பிலுவிலிற் புறப்பட்ட வானொன்றில் நாம் ஏறிக்கொண்டோம். சாரதி அக்கரைப்பற்றைச் சேர்ந்த முதியவர். இப்பகுதி வழக்கப்படி எல்லோரும் அவரைக் "காக்கா" என்றே அழைத்தனர். ஊரெல்லையைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும் நெல் மூடை ஏற்றிய பெரிய லொறியொன்று எமக்கு முன்னே அமைந்தது. காக்கா அதனை முந்தவுமில்லை, நெருங்கவுமில்லை. நல்ல இடைவெளி விட்டு அதன் நடையிலேயே வானைச் செலுத்தினார்.

"காக்கா, லொறிக்குக் கிட்டப் போனால் பெற்றோல் மிச்சம் என்கிறார்களே, நீங்கள் ஏன் இவ்வளவு தூரம் விட்டுப் போகிறீர்கள்?" என்று கேட்டோம்.

அவர் முன்னே காட்டினார். "தம்பி, அந்த லொறிட பக்கக் கண்ணாடி எனக்குத் தெரியணும். அதுல அவன்ட முகம் எனக்குத் தெரிஞ்சாத்தான் நான் இருக்கிறது அவனுக்குத் தெரியும். கிட்டப் போனா அவனுக்கு நான் இல்லாத ஆள்" என்றார். சற்று நேரம் கழித்து, "மிச்சம் பிடிக்கிறது நல்லதுதான், ஆனா எதுல பிடிக்கிறது எண்டு இருக்கு" என்று தாமாகவே சேர்த்துக்கொண்டார்.

பெரிய நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் விடயம் இவ்விரு வாக்கியங்களிலும் அடங்கியிருந்தது. அதனைச் சிறிது விரித்துப் பார்ப்போம்.

காற்று செய்யும் உதவி

முதலில் உண்மையை ஒப்புக்கொள்வோம். பின்தொடர்வதால் உழைப்புக் குறையும் என்பது கட்டுக்கதையன்று. களப்புக்கு மேலே மாலை நேரத்தில் கூழைக்கடாக்கள் அணிவகுத்துப் பறப்பதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறு அணியாகப் பறக்கும் கூழைக்கடாவின் இதயத் துடிப்பு, தனித்துப் பறக்கும்போது இருப்பதைவிடக் குறைவு என்பதை 2001ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் அளந்து வெளியிட்டனர். துவிச்சக்கர வண்டிப் பந்தயக்காரர் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிச் செல்வதும் இது பற்றியே. 1899ஆம் ஆண்டிலே சார்ல்ஸ் மேர்பி என்னும் அமெரிக்கர், ஓடும் புகையிரதப் பெட்டியின் பின்னால் பலகை பாவிய பாதையில் துவிச்சக்கர வண்டியை மிதித்து, ஒரு மைல் தூரத்தை ஒரு நிமிடத்துக்கும் குறைந்த நேரத்திற் கடந்து உலகை வியப்பில் ஆழ்த்தினார். எதிர்க்காற்றைப் புகையிரதம் தாங்கிக்கொண்டது. அவர் அதன் நிழலிலே பறந்தார்.

மோட்டார் வாகனத்துக்கும் இது பொருந்தும். 2007ஆம் ஆண்டில் "மித்பஸ்டர்ஸ்" என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியினர் பெரிய சரக்கு லொறியொன்றின் பின்னே காரொன்றைச் செலுத்திச் சோதித்தனர். வேகம் மணிக்கு 55 மைல். அதாவது 88 கிலோமீற்றர். நூறு அடி இடைவெளியில் எரிபொருட் செலவு தொடர்பான நன்மை 11 சதவீதம். பத்து அடியிலே அது 39 சதவீதம். நூற்றுக்கு முப்பத்தொன்பது என்றவுடன் எவருக்கும் நாவூறும். ஆனால் அந்தப் பத்தடி எவ்வளவு நேரம் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 88 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் 24 மீற்றருக்கு மேல் ஓடுகிறது. பத்தடியாகிய மூன்று மீற்றரைக் கடக்க அதற்கு ஒரு செக்கனின் எட்டிலொரு பங்கே போதும். தொல்காப்பியர் எழுத்தின் மாத்திரைக்குக் கண்ணிமைப் பொழுதையும் கைந்நொடிப் பொழுதையும் அளவாகக் கூறினார். இஃது அந்தப் பொழுதிலும் குறுகியது. முன்னே சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை அடைவதற்குச் சுறுசுறுப்பான மனிதருக்கும் ஒரு செக்கனளவு வேண்டும். ஆகவே அந்த 39 சதவீதம் எப்பொழுதும் நமக்குக் கிட்டாத கனி. பறிக்கக் கையை நீட்டினால் மரமே மேலே விழும்.

"பெரிய லொறி உடனே நிற்காது, சிறிய வாகனம் சட்டென்று நிற்கும், ஆகையால் பயமில்லை" என்று சிலர் வாதிடுவதுண்டு. லொறி தன் பிரேக்கினால் மட்டுமே நிற்குமென்றால் இவ்வாதத்துக்குச் சிறிது வலிமை உண்டு. ஆனால் எதிரே வரும் வாகனத்தோடு மோதினால் அது அந்த இடத்திலேயே நின்றுவிடும். அல்லது வீதியிற் படுத்திருக்கும் மாட்டைக் கண்டு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அப்பொழுது அந்த மாடு நமக்கு உரியதாகும். லொறிக்குப் பின்னே ஒட்டிச் செல்பவன் வீதியைப் பார்ப்பதில்லை. அவன் பார்ப்பது ஒரு தகரக் கதவை.

மோதினால் நேர்வதும் சாதாரண மோதலன்று. லொறியின் பின்தட்டு, காரின் முன்பகுதியைவிட உயரமானது. காரின் முகப்பு அதற்கு அடியிற் புகுந்துவிட, கண்ணாடியும் கூரையுமே அடியைத் தாங்குகின்றன. 1967 யூன் 29ஆம் திகதி ஜேன் மான்ஸ்பீல்ட் என்னும் ஹொலிவூட் நடிகை இவ்வாறே உயிர் துறந்தார். லொறிகளின் பின்புறத்தே தாழ்வாகப் பொருத்தப்படும் இரும்புத் தண்டுக்கு அமெரிக்காவில் இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. அத்தண்டு இல்லாத லொறியும், துருப்பிடித்து வளைந்த தண்டுடைய லொறியும் உலகில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

கச்சான் காற்றும் நமது வீதியும்

இனி, நமது வீதியைக் கவனிப்போம். அமெரிக்காவின் அகன்ற பெருஞ்சாலையிலே பெற்ற கணக்குத் தம்பிலுவில் வீதிக்குச் செல்லாது. இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வது. வேகம் இருமடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். வேகம் பாதியானால் எதிர்ப்பு நாலிலொன்றாகக் குறையும். இலங்கைச் சட்டப்படி காருக்கும் வானுக்கும் குடியிருப்புள்ள இடங்களில் மணிக்கு 50 கிலோமீற்றரும், ஏனைய சாலைகளில் 70 கிலோமீற்றருமே எல்லை. அக்கரைப்பற்றைத் தொட்டபின் அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று ஊரோடு ஊர் நெருங்கி வருகின்றது. வயல்வெளிகள் இடையே சிறிதே தலைகாட்டுகின்றன. இத்தகைய வேகத்திலே வாகனத்தைத் தடுப்பதில் காற்றுக்குள்ள பங்கு சிறுத்துவிடுகிறது. சில்லுகளின் உருளல் தடையும், நின்று நின்று புறப்படுவதால் உண்டாகும் செலவுமே பெரும்பங்கு வகிக்கின்றன. மறைத்துத் தர லொறியிடம் அதிகம் எதுவுமில்லை.

இரண்டாவது காற்றின் திசை. வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து உலர்ந்து வெம்மையோடு வீசும் கச்சான் காற்றை அறியாத கிழக்கு மாகாணத்தார் இல்லை. நமது வீதியோ தெற்கு வடக்காகச் செல்வது. ஆகவே கச்சான் வாகனத்தின் விலாவிலே மோதும். அப்பொழுது லொறியின் காற்று நிழல் அதன் நேர் பின்னே விழாது. கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து விழும். கல்முனை நோக்கிச் செல்பவனுக்குக் கிழக்கு என்பது வலப்பக்கம். எதிரே வாகனங்கள் வரும் பக்கம். அந்த நிழலைத் தேடிப் போகிறவன் வீதியின் நடுவுக்கே போகவேண்டும். அதுவுமன்றி, லொறியின் மறைவிலிருந்து திடீரென வெளிப்பட்டு முந்த முற்படும் இலேசான வாகனத்தைக் கச்சான் ஒரு தள்ளுத் தள்ளும். மோட்டார் சைக்கிளோட்டிகள் இதனை நன்கறிவர்.

மூன்றாவது, வீதியின் வாழ்க்கை. அறுவடைக் காலத்திலே வீதியோரத்தில் நெல் காயும். உழவு இயந்திரங்கள் பெட்டியை இழுத்தபடி வயற்பாதையிலிருந்து மெல்ல ஏறும். அந்தி சாய்ந்தபின் மாடுகள் தாரின் சூட்டை நாடி வந்து படுக்கும். பொத்துவிலுக்கு மேற்கே லாகுகலைப் பகுதியிலோ யானையே வழிமறிக்கும். பள்ளிவாசல் விட்டு வருவோரும், கோயிலுக்குச் செல்வோரும், பாடசாலைப் பிள்ளைகளும் கடக்கும் வீதி இது. முன்னே நடப்பதைக் காணாமல் செல்வதற்கு இதைவிடப் பொருத்தமற்ற வீதி வேறெது?

கணக்கைக் கூட்டிப் பார்ப்போம்

ஒரு வான் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடுவதாகக் கொள்வோம். நாற்பது கிலோமீற்றர் பிரயாணத்துக்கு நான்கு லீற்றர். லொறியை ஒட்டிச் சென்று அதிலே பத்திலொரு பங்கு மிஞ்சியதாகவே தாராளமாக வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 400 மில்லிலீற்றர். 2022ஆம் ஆண்டின் உச்ச விலையிலும் அதன் பெறுமதி 188 ரூபாவே. லொறியின் சில்லு தெறிக்கும் ஒரு கல் முன்கண்ணாடியை உடைத்தால் எத்தனை மாத மிச்சம் ஒரே கணத்தில் அழியும்! உயிருக்கு நாம் விலை சொல்லத் துணியோம்.

பெரிய கம்பனிகளும் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தன. 2016ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து லொறிகள் வானொலித் தொடர்பினால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, அணியணியாக நெதர்லாந்தின் ரொட்டர்டாம் துறைமுகத்தை வந்தடைந்தன. முன் லொறி பிரேக் பிடித்த அக்கணமே பின் லொறியும் தானாகப் பிடிக்கும். மனிதனின் ஒரு செக்கன் தாமதம் அங்கில்லை. அத்தகைய வசதியிருந்தும், 2019இல் ஜேர்மனியின் டைம்லர் நிறுவனம் இம்முயற்சியைக் கைவிடுவதாக அறிவித்தது. எதிர்பார்த்த அளவு எரிபொருள் மிஞ்சவில்லை. இடையிலே வாகனம் புகுந்து அணி குலைந்தால் மீண்டும் சேர்வதற்கு வேகத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. மிஞ்சியது அங்கே செலவாயிற்று. யந்திரக் கண்களும் யந்திரக் கால்களும் கொண்ட லொறிகளுக்கே அரிதான பயனை, வெறுங்கண்ணும் களைத்த காலும் கொண்ட சாரதி அக்கரைப்பற்று வீதியிலே பெற்றுவிட முடியுமா?

நடையைப் பின்பற்றுக

அவ்வாறாயின் லொறியிடம் நாம் கற்பதற்கு ஒன்றுமில்லையா? உண்டு. காக்கா அன்று செய்தது அதைத்தான். அவர் லொறியின் காற்றை நாடவில்லை. அதன் நடையை எடுத்துக்கொண்டார். பாரம் ஏற்றிய லொறிச் சாரதி வீணாக வேகம் கூட்டமாட்டான். வீணாகப் பிரேக்கும் பிடிக்கமாட்டான். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் காசு கொடுத்து வாங்கிய வேகத்தையே வெப்பமாக்கிக் காற்றில் விடுகின்றோம் என்பதை அவன் அனுபவத்தால் அறிந்தவன்.

திறந்த வீதியைக் கண்டவுடன் எல்லையை மீறி மணிக்கு 80 கிலோமீற்றரில் ஓடும் ஒருவர், 60 கிலோமீற்றருக்கு இறங்கினால் அவர் வாகனத்தின் மீதுள்ள காற்றின் எதிர்ப்பு 44 சதவீதம் குறைகிறது. நூறடி தூரத்தில் லொறியைத் தொடர்ந்தவர் பெற்ற பயனுக்கு இது குறைந்ததன்று. இதற்காக அவர் கொடுக்கும் விலையோ, நாற்பது கிலோமீற்றருக்குப் பத்து நிமிடம் மட்டுமே. இந்தச் சேமிப்புக்கு எவருடைய முதுகும் வேண்டியதில்லை.

இடைவெளியை அளப்பதும் எளிது. லொறியின் பின்புறம் ஒரு மின்கம்பத்தையோ தென்னையையோ கடக்கும் கணத்தில் நிதானமாக எண்ணத் தொடங்குங்கள். மூன்று செக்கன் கழிந்த பின்னரே நீங்கள் அவ்விடத்தை அடைய வேண்டும். 60 கிலோமீற்றர் வேகத்திலே அஃது ஏறக்குறைய 50 மீற்றராகும். மாரி மழையில் வீதி நனைந்திருந்தால் இன்னும் இரண்டு செக்கன் கூட்டுங்கள். இடையிலே வேறொருவர் புகுந்தால் கோபிக்க வேண்டாம்; மீண்டும் சிறிது பின்வாங்குங்கள். லொறிச் சாரதியின் கண்ணாடி உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற காக்காவின் விதியும் நினைவில் இருக்கட்டும்.

எஞ்சியவை வீட்டிலேயே செய்யத் தக்கவை. சில்லுகளுக்கு உரிய அளவு காற்றடித்து வைத்தல், தேவையற்றபோது கூரைமேற் சட்டத்தைக் கழற்றி வைத்தல், நெடுநேரம் நிற்கும்போது இயந்திரத்தை நிறுத்துதல் ஆகியன சிறியனவாகத் தோன்றினும் நாள்தோறும் பலன் தருவன. தூரத்தே மாட்டையோ சந்தியையோ கண்டவுடன் காலை எடுத்து வாகனத்தைத் தானே தளரவிடுவதும் அத்தகையது. அவ்வாறு தளரவிடும்போது கியரைக் கழற்ற வேண்டாம். இக்காலத்து இயந்திரங்கள் கியரில் இருந்தபடியே உருளும்போது எரிபொருளைத் தாமாகவே நிறுத்திக்கொள்கின்றன.

நிந்தவூரைக் கடந்து காரைதீவு வந்தோம். 1892இல் அவ்வூரிற் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரியாய் இருந்து தமிழிசையின் நுட்பத்தையும் கணக்கிட்டு உரைத்தவர். எதையும் அளந்தறிந்து ஏற்பதென்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. சாய்ந்தமருதிலே நெல் லொறி ஒரு களஞ்சியத்தை நோக்கித் திரும்பியது. திரும்புமுன் அதன் சாரதி கையை வெளியே நீட்டி எமக்குச் சைகை காட்டினான். காக்கா ஒரு முறை மெல்ல ஹோர்ன் அடித்து நன்றி சொன்னார். வழி நெடுக ஒருவரையொருவர் கண்ணாடியிற் கண்டுகொண்டே வந்த இருவரின் மரியாதை அது.

கல்முனைச் சந்தையின் இரைச்சல் கேட்கத் தொடங்கியபோது காலை வெயில் ஏறியிருந்தது. வானில் வந்தோர் பைகளை எடுத்துக்கொண்டு இறங்கித் தத்தம் வேலைக்குப் போயினர். ஒரு பிரயாணத்திலே மிஞ்ச வேண்டியவற்றுள் முதலாவது இதுவே: ஏறியவர் அனைவரும் இறங்குதல். அதற்கு அடுத்தபடியாகத்தான் பெற்றோல்.